பிடியரிசி: உங்கள் அடுக்களையில் தொடங்குவது எப்படி

பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் புதிதாகக் கல்யாணமாகி வருகிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஆச்சி, பிடியரிசி எடுக்கணும்னு ஆசையா இருக்கு. எப்படி ஆரம்பிக்க? மாசக் காணிக்கைய ஜிபேல போட்டுட்டா அதுவும் இதுவும் ஒண்ணுதான?"

இரண்டும் ஒன்றில்லை. காணிக்கை கொடுங்கள், அது வேண்டும். ஆனால் அது சம்பளம் வந்த அன்றைக்கு ஒரு தடவை கையை விட்டுப் போகிறது. மறுநாள் முதல் அந்த நினைப்பே இருக்காது. பிடியரிசி அடுப்பு பற்றவைக்கிற ஒவ்வொரு வேளையும் நம்மிடம் வந்து கேட்கும். சோற்றுக்கு அளந்த அரிசியைக் களையும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட வேண்டும், மாதம் ஒரு முறை அதைக் கோயிலுக்கோ இல்லாத வீட்டுக்கோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செய்ய வேண்டியது அவ்வளவுதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் எங்கள் பாட்டிமார் இதை நாள் தவறாமல் செய்தார்கள். இப்போது பல வீடுகளில் விட்டுப்போயிற்று. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதை ஏன் பெண்களிடம் சொல்கிறேன் என்றால், வீட்டில் யார் சம்பாதித்தாலும் இன்றைக்கு உலையில் எவ்வளவு போட வேண்டும் என்று தீர்மானிக்கிறவள் அவள்தான். யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை, எந்தப் பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அவள் கையில் இருக்கிற உழக்குக்குத் தெரியும். அந்த அளவு கணக்கில் நம் வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு வாயையும் தினமும் சேர்த்துக்கொள்வதை நான் வீட்டு வேலையாக மட்டும் எண்ணுவதில்லை. கோயிலில் ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) செய்கிற ஊழியத்துக்குக் குறைவில்லாத ஊழியம் என்றே எண்ணுகிறேன்.

பாத்திரம்

என் அம்மா வீட்டில் அரங்குவீட்டுக்குள் நெல் குதிருக்குப் பக்கத்தில் ஒரு மண்கலயம் இருக்கும், அதன் வாயில் ஓலைக் கொட்டானைக் கவிழ்த்து மூடியிருப்பார்கள். எனக்குக் கல்யாணமானபோது அத்தை எவர்சில்வர் சம்படம் ஒன்றைத் தந்தார்கள். இன்றும் அதில்தான் போடுகிறேன். நீங்கள் எதில் வேண்டுமானாலும் வையுங்கள். மூன்று விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மூன்று கிலோ அரிசி கொள்ள வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பெரிய பாத்திரம் வைத்தால் நிரம்பட்டும் என்று இரண்டு மூன்று மாதம் காத்திருக்கத் தோன்றும். அதற்குள் வண்டு வந்துவிடும். இரண்டாவது, வாய் அகலமாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளை மூடிய கையோடு உள்ளே விட்டு, கையைத் திறந்துவிட்டு, வெளியே எடுக்க முடிய வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். அரிசி டிரம்முக்குப் பக்கத்திலேயே, ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் அது இருக்க வேண்டும். பரணில் வைத்தால் மறந்துபோகும். ஜெப மேசையில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் அழகாக வைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. சமைக்கிற நேரத்தில் கை நீட்டினால் எட்டாத இடத்தில் இருக்கிற பாத்திரம் ஒரு வாரத்துக்கு மேல் நிரம்பாது.

உண்டியல் மாதிரிப் பூட்டு வேண்டாம், பெயர் எழுதி ஒட்டவும் வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் அது எது என்று தெரிந்தால் போதும்.

பிடி எடுக்கிற முறை

என் அத்தை எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்: "ஏட்டி, மூட்டையிலருந்து எடுக்காத. அளந்து வச்சியே, அதுலருந்து எடு."

அப்போது எனக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் ஒரே அரிசிதானே! சில மாதம் செய்தபிறகு புரிந்தது. மூட்டையிலிருந்து எடுக்கிற பிடி நம் சாப்பாட்டைத் தொடாது. அன்றைக்கு வேண்டிய அளவு முழுசாக நமக்கு இருக்கும், தருமம் மிச்சத்திலிருந்து போகும். அளந்த அரிசியிலிருந்து எடுத்தால், இன்றைக்கு நாங்கள் நாலு பேரும் சாப்பிடப்போகிற சோற்றிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் போகிறது. யாருக்கும் வயிறு குறையாது. ஆனாலும் அது நம் தட்டிலிருந்து போனது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் பிடியரிசியைச் சோறு வடிப்பதற்கு முன்னால் எடுக்கிறோம், மிஞ்சிய சோற்றிலிருந்து எடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் மத்தியானத்துக்கு இரண்டு உழக்கு. அளந்து பாத்திரத்தில் கொட்டியதும், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் வலது கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொள்வேன். ஈரக்கை பட்ட அரிசி சம்படத்துக்குள் கட்டிபிடித்துப் பூஞ்சை வைத்துவிடும், அதனால் இதில் அசட்டை கூடாது. அரிசிக்குள் கையை விட்டு விரல்களை மடக்கித் தூக்கினால் விரலிடுக்கு வழியாகக் கொஞ்சம் உதிரும். அதை உதிரவிடுங்கள், அது திரும்பப் பாத்திரத்துக்குள்தானே விழுகிறது. கையில் நிற்கிறதுதான் உங்கள் பிடி. உள்ளங்கையைக் குவித்து அள்ளவும் வேண்டாம், விரல் நுனியில் கிள்ளவும் வேண்டாம். மூடின கை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு.

பேத்தி ஒரு நாள் கிச்சன் தராசை எடுத்துவந்து நிறுத்துப் பார்த்தாள். என் பிடி ஏறக்குறைய 40 கிராம், அவள் பிடி 15 கிராம். இரண்டு வேளை சோறு வைக்கிற வீட்டில் என் கைக்கு மாதம் இரண்டரைக் கிலோ பக்கம் சேரும். ஒரு வேளை மட்டும் பொங்குகிற வீடென்றால் அதில் பாதி.

எடுக்கும்போது என்ன சொல்லி ஜெபிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நீளமாக வேண்டாம். பக்கத்து அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். "ஆண்டவரே, இதைச் சாப்பிடுகிறவர்களைக் காத்தருளும்" என்று மனசுக்குள் சொன்னால் போதும். நான் அதோடு ஒரு பேரையும் சேர்த்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற யாராவது, வேலை தேடுகிற பிள்ளை, ரொம்ப நாளாகப் பேசாமல் இருக்கிற சொந்தக்காரர். ஒரு பிடிக்கு ஒரு பேர். அதிகாலையில் எழுந்து முழங்கால் போட நேரமில்லையே என்று வருத்தப்படுகிற இளம் தாய்மாருக்கு இதை நான் தைரியமாகச் சொல்லுவேன்: அடுப்படியில் நின்றுகொண்டு இரண்டு பேருக்காக ஜெபித்திருக்கிறீர்கள், ஆண்டவர் அதைக் கேட்டிருக்கிறார்.

சோறு வைக்காத வேளைகளில்

இட்லிக்கு ஊறப்போடுகிற அன்றைக்கு, இட்லி அரிசியை அளந்தாலும் பிடியைச் சாப்பாட்டு அரிசியிலிருந்து எடுத்துப் போடுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன். ராத்திரி சப்பாத்தி என்றால் கோதுமை மாவைப் போட வேண்டாம், மாவு சீக்கிரம் கெட்டுப்போகும். அன்றைக்கும் அரிசியே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரோட்டா பார்சல் வாங்குகிறோம், ஸ்விக்கியில் பிரியாணி வருகிறது. அப்போதும் பார்சலைப் பிரிப்பதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் போய் ஒரு பிடி போட்டுவிட்டு வர வேண்டும். காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிற நாளில் இதை விட்டுவிட்டால், பிள்ளைகள் மனதில் பிடியரிசி வீட்டுச் சோற்றுக்கு விதித்த வரி மாதிரி ஆகிவிடும்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் ஒரு வேளை உபவாசம் இருக்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அந்த வேளைக்கு அளக்கிற முழு உழக்கும் சம்படத்துக்குப் போக வேண்டும். உபவாசம் இருந்து மிச்சம் பிடித்த அரிசி திரும்ப மூட்டைக்கே போனால், அந்த உபவாசத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? லெந்து முடிகிறபோது எங்கள் சம்படம் இரண்டு தடவை நிறைந்திருக்கும்.

அம்மாவின் தட்டு

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறோம். அப்பாவுக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, வந்தவர்களுக்குப் போட்டு, பானையடியில் இருக்கிறதைச் சாப்பிட்டுவிட்டுப் "போதும், எனக்கு இன்னைக்குப் பசியில்ல" என்று எழுந்து போகிறோம். அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்தால் அந்தக் குறை கடைசியில் யார் தட்டில் வந்து விழும்? அம்மாவின் தட்டில். அப்படி ஆகிவிட்டால் பிடியரிசியை வீடு கொடுக்கவில்லை, ஒரு பெண் மட்டும் தன் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. இப்படி ரத்தமில்லாமல் நிற்கிற பெண்ணின் தட்டிலிருந்து எடுத்துத்தான் ஆண்டவருக்குப் படைக்க வேண்டும் என்று அவர் கேட்கவே மாட்டார். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அதனால் பிடியரிசி தொடங்குகிற வீட்டில் கூடவே இன்னொன்றையும் தொடங்குங்கள். ஒரு வேளையாவது, ராத்திரிச் சாப்பாடாவது, எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, பொரியல் எல்லாம் நடுவில் இருக்கட்டும். அம்மா தட்டிலும் எல்லாரோடும் சேர்த்துச் சோறு விழட்டும். குழம்பில் மீன் இருந்தால் அவளுக்கும் ஒரு துண்டு. கர்ப்பமாக இருக்கிறவளும் பால் கொடுக்கிறவளும் உள்ள வீட்டில் அளவிலேயே அரை உழக்குக் கூட்டிப் போட்டு, அதற்குப் பிறகு பிடி எடுங்கள். மாமியார்மாரே, இதை நாம்தான் சொல்ல வேண்டும். மருமகள் தானாகச் சொல்ல மாட்டாள், அவளுக்கு வாய் வராது. என் அத்தை எனக்கு இதைச் சொல்லித்தான் என்னைப் பந்தியில் உட்கார வைத்தார்கள். அந்த நன்றியை நான் என் மருமகளிடம் தீர்க்கிறேன்.

மாதக் கடைசியில் அரிசி தட்டிப்போகிற வீடுகளும் உண்டு. சாறிபாத் ஊர் விதவை, பானையில் ஒரு பிடி மாவு மட்டும் இருந்த நேரத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் ஓர் அடை சுட்டுக் கொடுத்தாள், அவள் பானையில் மா குறையவில்லை என்று வேதம் சொல்கிறது. அந்த விசுவாசத்தை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனாலும் பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது பிடியரிசி எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தத் தாயையும் நான் கட்டாயப்படுத்த மாட்டேன். அன்றைக்கு அரைப் பிடி போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் சம்படத்தைத் திறந்து அதிலிருந்தே எடுத்துப் பொங்குங்கள். இல்லாத வீட்டுக்கென்று சேர்த்த அரிசி, இன்றைக்கு இல்லாத வீடு உங்கள் வீடாக இருந்தால் உங்களுக்கும் உரியது. திருப்பி அளந்து போட வேண்டும் என்ற கடனும் இல்லை.

என்ன அரிசி

நீங்கள் சாப்பிடுகிற அரிசி. அம்பை 16 பொங்குகிற வீடு அதையே போடட்டும், பொன்னி வாங்குகிற வீடு பொன்னியைப் போடட்டும். ரேஷன் அரிசியைச் சாப்பிடுகிற வீடு ரேஷன் அரிசியைப் போட்டால் அது பெரிய காணிக்கை. தான் நல்ல அரிசி சாப்பிட்டுக்கொண்டு, ரேஷனில் வாங்கி மூலையில் கிடக்கிறதைப் பிடியரிசிக்கு என்று ஒதுக்குகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து வைத்துக்கொள்ளாதீர்கள். வாங்குகிறவர்களிடம் அந்த அரிசி ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு சம்படத்தில் ஒரே வகை அரிசிதான் இருக்க வேண்டும். இட்லி அரிசியைப் போட வேண்டாம் என்றது இதனால்தான். புழுங்கலும் பச்சரிசியும் கலந்தால் ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் கிடக்கும். புது அரிசிக்கும் பழைய அரிசிக்குமே தண்ணீர் அளவு வேறு. கலப்பு அரிசியை வாங்கிப் பொங்குகிற பெண்ணுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும்.

வண்டு வராமல் இருக்க, நிழலில் காயவைத்த வேப்பிலை ஒரு கொத்தோ, காம்போடு நாலைந்து வற்றல் மிளகாயோ, துணியில் முடிந்த ஒரு துண்டு வசம்போ போடுங்கள். போரிக் பவுடர் கலக்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது கூடவே கூடாது. நீங்கள் கலந்தது வாங்குகிறவர்களுக்குத் தெரியாது, சரியாகக் கழுவாமல் பொங்கிவிட்டால் என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் எல்லாமே நமத்துப்போகும். அந்த மாதங்களில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை காலி செய்துவிடுங்கள். வண்டு வந்தேவிட்டால் சுளகில் போட்டுப் புடைத்து, நிழலில் காற்றாடப் பரப்பிவிட்டால் அது தானாக ஊர்ந்து வெளியே போகும். பச்சரிசியை உச்சி வெயிலில் காயப்போடாதீர்கள், கீறல் விட்டு நொய்யாக உடையும்.

பிள்ளைகள்

இதில் பிள்ளைகளின் கை சேரவில்லை என்றால் இந்தத் தலைமுறையோடு நின்றுபோகும்.

மூன்று வயதில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு போடட்டும். தரையில் பாதி சிந்தும், சிந்தட்டும், பெருக்கி எடுத்துக் கோழிக்கோ குருவிக்கோ போடுங்கள். அந்த நேரத்தில் அதட்டினால் இனிமேல் சம்படத்துப் பக்கமே வராது. ஆறேழு வயதுக்கு மேல் அதைப் பிள்ளையின் வேலையாகவே கொடுத்துவிடலாம். "அளந்தாச்சு, வா" என்று கூப்பிட்டால் ஓடி வரும். எங்கள் வீட்டில் பிறந்தநாளன்றைக்கு எத்தனை வயதோ அத்தனை பிடி போட வேண்டும். கேக் வெட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுவோம். ஒன்பது, பத்து என்று பேத்தி எண்ணிக்கொண்டே போடும்போது வீடே பக்கத்தில் நிற்கும்.

"இத யாரு சாப்பிடுவா ஆச்சி?" என்று ஒரு நாள் கேட்பார்கள். உண்மையான பதிலைச் சொல்லுங்கள். ஏழைகள் என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளை மனதில் ஒன்றும் பதியாது. பத்துப் பன்னிரண்டு வயதானதும் கொடுக்கப் போகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பையைப் பிள்ளையே தூக்கட்டும். ஆனால் அங்கே போய் "பாத்தியா, இவங்க எவ்வளவு கஷ்டப்படுறாங்க, நீ சோத்த வீணாக்குற" என்று அந்த வீட்டார் முன்னாலேயே பாடம் எடுக்காதீர்கள். அவர்கள் கஷ்டம் நம் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் இல்லை. தப்பு செய்த பிள்ளைக்குத் தண்டனையாகப் "போ, ரெண்டு பிடி போடு" என்று சொல்வதும் ஆகாது.

பையன்களை விட்டுவிடாதீர்கள். வளர்ப்பதும் ஊட்டுவதும் பெண்ணுக்கு ஆண்டவர் தந்த பெரிய பொறுப்பு என்று நம்புகிறவள் நான். அந்தப் பொறுப்பில் பாதி, நம் பையன்களுக்கு ஊட்டுகிற கையை உண்டாக்குவது. என் வீட்டுக்காரர் ரிட்டயர்டானபின் காலைச் சோறு அவர்தான் வைக்கிறார், பிடியும் அவர்தான் எடுக்கிறார். மகன் சென்னையில் தனியாக இருந்த காலத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்து, ஊருக்கு வரும்போது பையோடு கொண்டுவருவான்.

கொடுக்கிற விதம்

சபையில் பிடியரிசி எடுக்கிற வழக்கம் இருந்தால் வேலை சுலபம். மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனைக்குப் போகும்போது கொண்டுபோய்ச் சங்கத்துச் சாக்கில் கொட்டிவிடலாம். முந்தின சனிக்கிழமை ராத்திரிக் குடும்ப ஜெபத்தில் சம்படத்தை நடுவில் வைத்து, அந்த மாதம் பேர் சொல்லி ஜெபித்தவர்களை ஒரு தடவை நினைத்துக்கொள்வோம். சில சபைகளில் ஆராதனை முடிந்து அரிசியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தை ஊழியத்துக்கு அனுப்புவார்கள். முட்டை, வாழைக்குலை, கோழி என்று ஏலத்துக்கு வருகிற பொருளோடு அரிசியும் போகும். எதற்கு அனுப்பினார்கள் என்று சங்கத்தில் கணக்கு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை.

சபையில் வழக்கம் நின்றுபோயிருந்தால் தெருவில் ஐந்து வீடுகள் சேருங்கள். வீட்டுக்கு இரண்டரைக் கிலோ என்றால் மாதம் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வரும். தனியாக இருக்கிற ஒரு வயதான அம்மாவுக்கு மாதம் ஒன்பது, பத்துக் கிலோ தாராளமாகப் போதும். அப்படியானால் ஐந்து அடுக்களைகள் சேர்ந்து ஒரு ஆளின் சோற்றை வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்கின்றன. ஐந்து வீடும் ஒரே அரிசியாக இருக்கட்டும் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய், கொஞ்சம் புளி ஆகியவற்றை முறைவைத்து ஒரு வீடு சேர்க்கட்டும். வெறும் அரிசியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

கொடுக்கப் போகும்போது கிழிந்த கேரிபேக்கில் கொண்டுபோகாதீர்கள். துவைத்த துணிப்பையில், புடைத்துக் கல் பொறுக்கின அரிசியாக இருக்கட்டும். அவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் போக வேண்டாம், தெருவே வாசலில் உட்கார்ந்திருக்கிற சாயங்கால நேரமும் வேண்டாம். போட்டோ எடுப்பது அறவே கூடாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஆண்டவர் சொன்னதை வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கும் சேர்த்துத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். பையை வைத்துவிட்டு உடனே ஓடிவராமல் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள், மாத்திரை இருக்கிறதா, மகன் போன் பண்ணினானா என்று கேளுங்கள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி இருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் நான் எழுந்து கிளம்பும்போது, "இரு தாயி" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் முருங்கைக்கீரை ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்து என் பைக்குள் வைப்பார்கள். சில நாள் கீரையில் பூச்சி அரித்திருக்கும், முற்றினதாகவும் இருக்கும். வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வாங்குகிறவர்கள் திருப்பித் தருவது எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்து, அதை அன்றைக்கே சமைத்துச் சாப்பிடுங்கள்.

ஒரு பிடியில் என்ன ஆகும் என்கிறவர்களுக்கு

விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலா 1889-இல் தொடங்கிய பள்ளிக்கூடம். ஊர் வியாபாரிகள் பொதுவில் சேர்த்த மகமைப் பணத்தோடு, வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்துவைத்த பிடியரிசியும் அதை நடத்த உதவியது. காமராஜர் படித்தது அங்கேதான். பின்னாளில் அவர் முதலமைச்சராக இருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டபோது, யார் வீட்டு அடுக்களைகளோ கொடுத்த அரிசியில் தான் படித்தது அவருக்கு நினைவு வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் எதிர்வீட்டு மாமி காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடியரிசித் திட்டத்தைப் பின்பற்றுகிறவர்கள். தினமும் சமைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் கலசத்தில் போடுவார்கள். சேர்ந்த அரிசி கோயிலில் சுவாமிக்கு நிவேதனமாகி இல்லாதவர்களுக்குச் சோறாகும். மாமியும் நானும் பூச்சி வராமல் வைக்கிற பக்குவத்தை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வோம். வசம்பு சொல்லித்தந்தது அவர்கள்தான்.

மிசோரம் மலையில் நம்மைப் போலவே சோறு சாப்பிடுகிற கிறிஸ்தவப் பெண்கள் 1910-இல் இதைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளையும் பொங்கும்போது ஒரு பிடி எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கிறார்கள், இன்று வரைக்கும் விடவில்லை. அந்த அரிசியை விற்று வருகிற பணம் இப்போது கோடிக்கணக்கில் இருக்கிறது, சபை ஊழியத்துக்கு அது போகிறது. அங்கேயும் முதலில் கையை அரிசிக்குள் விட்டவர்கள் வீட்டுப் பெண்கள்தான்.

ஊருக்குப் போகிற நாட்களில்

வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் சம்படத்தைக் காலி செய்துவிட்டுப் போங்கள், அல்லது பக்கத்து வீட்டுச் சம்படத்தில் கொட்டிவிட்டுப் போங்கள். போகிற வீட்டில் பிடியரிசி வழக்கம் இருந்தால் அங்கே நீங்கள் போடுங்கள். இல்லையென்றால் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபித்துவிட்டுச் சாப்பிடுங்கள், அவர்கள் அடுக்களையில் போய் நீங்களாக ஒன்றும் ஆரம்பிக்க வேண்டாம். துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள், அரிசியைக் கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லை என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது: அரிசியாகவே எடுத்துவையுங்கள். மாதக் கடைசியில் நிறுத்துப் பார்த்து, அதன் விலையை ஊரில் உள்ள சங்கத்துக்கோ, அந்த ஐந்து வீட்டுக் கூட்டத்துக்கோ அனுப்பிவிடுங்கள். நிறுத்த அரிசியை மறுநாள் நீங்களே பொங்கிச் சாப்பிடலாம். பொங்குவதற்கு முன்னால் அதிலிருந்தும் ஒரு பிடி எடுத்துப் போட்டுவிடுங்கள், அடுத்த மாதம் அங்கே தொடங்கட்டும்.